ஆணையும் அறிவுரையும்

டில்லியில் வாழும் தமிழர் பலர், பெரோஸ்ஷா கோட்லாவின் இடிந்த மாளிகைமேல் நிற்கும் கல்தூணைக் கண்டிருப்பர். 14ஆம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் அதனைத் தோப்ராவிலிருந்து கொணர்ந்து நிறுத்தினார். அன்று அதன் எழுத்தைப் படிக்க வல்லார் ஒருவரும் இலர். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் அதனைப் படித்தறிந்தார். தூணிற் பேசுபவர் அசோகர் என்பது இலங்கை வரலாற்று நூல்களின் துணையால் தெளிவாயிற்று.

அசோகர் பௌத்தர், தாம் கண்ட அறம் எங்கும் பரவவேண்டும் என்ற வேட்கை உடையவர். ஆயினும், தம் ஆட்சியின் 12ஆம் ஆண்டில், கயைக்கு அருகிலுள்ள பராபர் குன்றின் குகைகளை வேற்றுச் சமயத்தாரான ஆசீவகர்க்கு அளித்தார். தன் சமயப் பற்றினால் பிறர் சமயத்தை இகழ்பவன் தன் சமயத்துக்கே கேடு சூழ்கிறான் என்பது அவருடைய 12ஆம் பாறைக் கல்வெட்டின் கருத்து. நாவடக்கத்தையும், பிறர் கொள்கையைக் கேட்டறிதலையும் அதில் அவர் வேண்டுகிறார்.

ஆணையே இடாதவர் அல்லர் அவர். சில உயிர்களைக் கொல்லலாகாது எனத் தடைவிதித்தவர். எனினும், ஆட்சியின் 27ஆம் ஆண்டில் பொறித்த டில்லித் தூண் சாசனத்தில், அறம் வளர்ந்தது ஆணையினால் சிறிதே, மனத்திற் பதியும் அறிவுரையினால் பெரிதே என்று கணக்கிட்டுக் கூறினார். தண்டிக்கும் அதிகாரம் முழுதும் கையிலிருந்த பேரரசர் கண்ட முடிவு இது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது மிக நெருங்கிய செய்தி. அண்டை வீட்டாரின் வழிபாடும் உணவும் மொழியும் வேறாயிருக்கலாம். நம் நெறியை நாம் விடவேண்டுவதில்லை, அசோகரும் விட்டாரில்லை. அதனைப் பிறர்மேற் சுமத்தாதிருப்போம்; அவர் நெறியையும் கேட்டறிவோம்.