வலி சொல்லும் செய்தி

பங்காருபாளையத்தில் என் பெரியம்மாவுக்கு வலத் தோளில் ஒரு வலி இருந்தது. மகன் வேலை தேடிப் பம்பாய்க்குப் போன மாதத்தில் அது தொடங்கிற்று. கடிதம் வந்தால் தணியும். தபால்காரர் நில்லாமல் வாசலைக் கடந்தால் மீளும். சித்தூரிலிருந்து வந்த தைலங்கள் பலிக்கவில்லை. "பிள்ளை நினைவுதான் தோளில் ஏறியிருக்கிறது" என்று நாங்கள் சிரித்தோம்.

நாங்கள் விளையாட்டாகச் சொன்னதை வியன்னா நகரில் ஒரு மருத்துவர் ஆராய்ந்திருக்கிறார். 1892ஆம் ஆண்டில் சிக்மண்ட் பிராய்டிடம் 24 வயதுப் பெண்ணொருத்தி வந்தாள். எலிசபெத் என்பது அவர் அவளுக்கு இட்ட மாற்றுப் பெயர். இரண்டாண்டுகளுக்கு மேலாகக் கால்வலி. வலத் தொடையில் ஒரே இடத்திலிருந்து அது புறப்பட்டது. பேசப் பேச அவளே காரணம் கண்டாள். நோயுற்ற தந்தையின் வீங்கிய காலுக்கு நாள்தோறும் கட்டு மாற்றுகையில், அக்காலைத் தன் தொடையில் அதே இடத்தில்தான் தாங்கியிருந்தாள். பின்னர் அக்காள் இறந்தபோது, அத்தான் இனித் தன்னை மணக்கலாம் என்றோர் எண்ணம் மின்னி மறைந்தது. அதை ஒப்புக்கொள்ள அவள் மனம் கூசிற்று. நா சொல்லத் துணியாததை உடல் சொல்லிற்று என்பது பிராய்டின் முடிவு. 1895இல் பிராயருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட நூலில் இவ்வரலாறு உள்ளது.

அக்கருத்து நம் நாட்டில் கல்கத்தாவில் வேரூன்றிற்று. அங்கு வாழும் தமிழன்பர்கள் பார்சிபாகான் சந்தைக் கடந்து சென்றிருக்கலாம். அச்சந்தில் 14ஆம் எண் இல்லத்தில், 1922இல், மருத்துவர் கிரீந்திரசேகர போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். பிராய்டை நேரில் காணாமலே பல்லாண்டுகள் கடிதத்தில் வாதாடியவர் அவர். ஒவ்வொரு விருப்பத்தின் அடியிலும் அதற்கு மாறான விருப்பமொன்று ஒளிந்திருக்கிறது என்பது போஸின் சொந்தக் கொள்கை. மகன் போய்ப் பிழைக்க வேண்டும், போகவும் கூடாது என்றிருந்த பெரியம்மாவுக்கு இது வியப்பாக இருந்திராது.

ஆனால் பிராய்டே எழுதிய இன்னொரு வரலாறும் உண்டு. அதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 14 வயதுச் சிறுமியின் வயிற்றுவலியை அவர் மனத்தின் நோயென்று கொண்டார். சிகிச்சையில் அவள் தேறியதாகவும் தோன்றிற்று. இரண்டு மாதங்களில் வயிற்றுக் கழலையால் அவள் இறந்தாள். 1901இல் அத்தவற்றை அவரே அச்சிலேற்றினார்.

வலியென்பது உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவம் என்று உலக வலி ஆய்வுச் சங்கம் 1979இல் வரையறுத்தது. இரண்டில் ஒன்றைக் கண்டதும் மற்றதைத் தேடாமல் விடுவதற்கு அவ்வரையறை இடந்தருவதில்லை.

பெரியம்மாவை நாங்கள் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நான்காண்டுகள் ஆயின. பித்தப்பையில் கற்கள், அவ்வலி வலத் தோளிலும் தோன்றுமாம். அறுவைக்குப்பின் வலி நீங்கிற்று. நாங்கள் சிரித்ததை அவர் ஒருநாளும் குறிப்பிட்டதில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் அவர் கை தோளுக்குப் போகும்.