தூண்டிலால் ஒரு வலை

கேரளத்தில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ‘ட்ரோலிங் தடை’ வருகிறது. செய்தித்தாள்களும் அப்படியே எழுதிவிடுகின்றன. உண்மையில் தடை விழுவது ட்ராலிங் மீது, அதாவது விசைப்படகின் பின்னால் மடியைக் கட்டி இழுத்து வாரும் இழுவலைத் தொழில் மீது. ட்ரோலிங் வேறு. ஓடும் படகின் பின்னால் தூண்டில் நரம்பை நீளமாக விட்டு, அதன் முனையில் ஒரு போலி மீனை நீந்தவைத்து, நிஜ மீனை ஏமாற்றுவது அது. ஓரெழுத்துக் குழப்பம் என்று இதைச் சிரித்து ஒதுக்கலாம். ஆனால் வட அமெரிக்காவின் ஈரி ஏரியில், இலையுதிர் காலத்தின் கடைசி வாரங்களில் வால்ஐ மீனுக்காக நடக்கும் ட்ரோலிங்கின் கதையைப் பார்த்தால், அந்தக் குழப்பத்துக்குள் ஓர் உண்மையும் இருப்பது தெரியும். பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களின் பழைய மரபு இது என்றே பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வலை விலகிய நீரில், வலை செய்துவந்த வேலையைத் தூண்டிலைக் கொண்டு செய்யக் கற்றுக்கொண்டதன் விளைவு இது. அதற்கு வயதும் அதிகமில்லை.

முதலில் மீனைச் சொல்லவேண்டும். நம் வாளைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. நன்னீரில் வாழும் வேட்டை மீன் இது. பூனைக்கு இருப்பதுபோல விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் இதற்கும் உண்டு. டார்ச் அடித்தால் கண் வெள்ளையாகப் பளபளக்கும், பெயரும் அந்தக் கண்ணால் வந்ததுதான். மங்கிய வெளிச்சத்தில் இரைக்குத் தெரியாதது இதற்குத் தெரியும். பேரேரிகள் ஐந்தில் ஆழம் குறைந்தது ஈரி. அதன் மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் 25 அடிக்கும் குறைவு. ஆழம் குறைந்த நீர் சீக்கிரம் சூடாகும், மீன் செழிக்கும், அதே வேகத்தில் கெடவும் செய்யும். 1953 செப்டம்பரில் வெயிலும் காற்றில்லாத நாட்களும் சேர்ந்துவந்தபோது அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்து, மீனுக்கு உணவான மே பூச்சியின் புழுக்கள் கூட்டமாக அழிந்தன. வால்ஐயின் நெருங்கிய சொந்தமான நீல பைக், வலைக்காரர்கள் டன் கணக்கில் அள்ளிய மீன், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வலையிலிருந்து காணாமல்போனது. 1983-இல் அது அற்றுப்போனதாகவே அமெரிக்க அரசு அறிவித்தது. 1970-இல் இன்னொரு அடி. கனடாவில் படித்துக்கொண்டிருந்த நார்வே நாட்டு ஆய்வாளர் நோர்வால்ட் ஃபிம்ரைட், இந்த ஏரிகளின் மீன்களில் பாதரசம் ஏறியிருப்பதைக் காட்டினார். அருகிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியிலும் ஈரியின் மேற்கிலும் வால்ஐ பிடித்து விற்பது நின்றது. கனடாவின் ஒன்டாரியோ பிறகு வலையைத் திரும்ப இறக்கியது. தென்கரையிலுள்ள ஒஹையோ இறக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கரையில் வால்ஐ தூண்டில்காரருக்கு மட்டுமே உரிய மீன்.

வலை போன மறுநாளே ட்ரோலிங் வந்துவிடவில்லை. 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் பேரேரிகளின் நீர்த்தரம் பற்றி ஒப்பந்தம் செய்துகொண்டன. ஏரி மெல்லத் தெளிந்தது. 1982-இல் பொரித்த குஞ்சுகள் பெரும் படையாகப் பிழைத்து வளர்ந்தன. அந்த ஆண்டுகளில் ஒஹையோ கரையின் வழக்கமே வேறு. எஞ்சினை அணைத்துவிட்டு, காற்று தள்ளும் போக்கில் படகை மிதக்கவிட்டு, ஈரி டியரி என்ற சுழல்தகட்டுத் தூண்டிலில் மண்புழுவைக் கோத்து வீசுவார்கள். கலங்கிய நீரில், கோடைப் பகலில் அது போதும். 1988-இல் செயின்ட் கிளேர் ஏரியில் வரிச்சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. கப்பல்களின் அடித்தொட்டி நீரோடு வந்த அந்நியச் சிப்பி அது. சில ஆண்டுகளில் ஈரியின் நீரை வடிகட்டிக் கண்ணாடி ஆக்கியது. வெளிச்சத்துக்குக் கூசும் மீன் பகலில் ஒதுங்கி இரவில் மேய்வது இன்னும் கூடியது. இலையுதிர் காலம் அதற்குத் தோதான பருவம். கோடை முழுக்க ஏரியின் நடுப்பகுதியில் வெந்நீர் மேலேயும் குளிர்நீர் கீழேயும் இரண்டு அடுக்காக நிற்கும். அடியில் மூச்சுக்காற்று குறையும். குளிர்காற்று அடித்ததும் அடுக்கு உடைந்து நீர் ஒன்றாகக் கலக்கும். மீனுக்கு எந்த ஆழமும் திறந்துவிடும். கிழக்கே போயிருந்த வால்ஐ, ஷாட் என்ற சிறு வெள்ளி மீன்களைத் துரத்திக்கொண்டு தென்கரையோரமாக மேற்கே திரும்பும். பெண் மீனின் வயிற்றில் வசந்தத்துக்கான முட்டை வளர்ந்துகொண்டிருக்கும், அதனால் பசியும் அதிகம். ஒஹையோவின் ஹியூரான், வெர்மிலியன், லொரெய்ன், கிளீவ்லாந்து துறைகளிலிருந்து நவம்பர் இருட்டில் படகுகள் கிளம்புவது இதற்காகத்தான்.

ட்ரோலிங் இதைவிடப் பழையது என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். ஜூலியோ பியூல் என்ற அமெரிக்கர் உலோகக் கரண்டித் தூண்டிலுக்கு உரிமம் வாங்கியது 1852-இல். துடுப்புப் படகுகளின் பின்னால் அதைக் கட்டி இழுத்தார்கள். ஃபின்லாந்தின் லௌரி ரபாலா 1936-இல் தக்கையைச் சீவி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசிச் செய்த போலி மீனும் படகில் இழுக்கத்தான். அடிபட்ட குஞ்சு ஒருபக்கமாகத் தள்ளாடும், பெரிய மீன் அதைத்தான் அடிக்கும் என்று அவர் கவனித்திருந்தார். 1962 ஆகஸ்டில் மர்லின் மன்றோவை அட்டையில் போட்ட ‘லைஃப்’ இதழ் ரபாலாவைப் பற்றியும் எழுதியதால் அவருக்கு ஆர்டர்கள் குவிந்தன. இன்றும் ஈரியின் நவம்பர் இரவில் ஓடுவது அந்தப் போலி மீனின் பேரப்பிள்ளைகள்தான். ஆக, கருவி பழையது; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பியூலும் ரபாலாவும் இருந்த உலகில் ஓர் ஆள், ஓரிரண்டு நரம்பு, தெரிந்த கரை. பாசி விளிம்பிலோ பாறை ஓரத்திலோ மீன் நிற்கும் இடம் தெரியும், அதை ஒட்டிப் போனால் சரி. ஹியூரானுக்கு வெளியே அடிமட்டம் மேசைபோல் தட்டை. மீன் அங்கே எதையும் ஒட்டி நிற்காது. எந்த ஆழத்திலும் தொங்கும். அந்த நீரில் கேள்வி ‘எங்கே போடுவது’ என்பதிலிருந்து ‘எவ்வளவு அகலமும் ஆழமும் சலிப்பது’ என்பதற்கு மாறிவிடுகிறது. வலைக்காரனின் கேள்வி அது.

அதற்குக் கிடைத்த விடையிலும் வலையின் சாயல் உண்டு. நம் விசைப்படகுகளில் இழுவலையின் வாயை விரித்துப் பிடிக்க இருபக்கமும் பலகைகள் கட்டுவார்கள். சாய்வாக நீரைக் கிழிக்கும்போது பலகை வெளிப்பக்கமாக ஓடும், வாய் அகலும். ஈரியில் ஒவ்வொரு நரம்பிலும் கவ்வி மாட்டும் சிறு மிதவைப் பலகையும் அதே தத்துவம்தான். படகின் இருமருங்கிலும் நூறடி வரை பலகைகளைப் பரப்பி, ஒவ்வொன்றின் பின்னாலும் வெவ்வேறு ஆழத்தில் ஒரு போலி மீன். ஆழத்தைக் கையோடு அளக்க முடியாது. ரீலில் விட்ட அடியை எண்ணும் கருவி உண்டு; இத்தனை தடிமனுள்ள நரம்பில் இத்தனை அடி விட்டால் இந்த மீன் இத்தனை ஆழம் போகும் என்று அட்டவணைப் புத்தகமே போட்டுவிட்டார்கள். இன்னும் கீழே போக வேண்டுமானால் 50 அடி விட்டு, நரம்பில் ஓர் ஈயக்குண்டைக் கவ்வவைத்து, மறுபடி 50 அடி விடுவார்கள். குண்டு போலி மீனுக்குப் பக்கத்திலேயே இருந்தால் அதன் தள்ளாட்டம் செத்துவிடும், அதனால்தான் நடுவில். குளிர்ந்த நீரில் வேகம் மணிக்கு ஒன்று, ஒன்றரை மைல், நடையைவிடக் குறைவு. இரவில் பலகைக்குச் சின்ன விளக்கு. மீன் கடித்தால் பலகை குதிக்காது. குப்பை சிக்கியதுபோல மெல்லப் பின்வாங்கும், அவ்வளவுதான்.

எஞ்சின்தான் எல்லாம் செய்கிறது, மனிதனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் படகு திரும்பும்போது பார்க்கவேண்டும். வளைவில் உள்பக்கப் பலகை மெதுவாகும், வெளிப்பக்கம் வேகமெடுக்கும். உள்ளே கடி விழுந்தால் படகு வேகமாகப் போகிறது என்று பொருள். வெளியே விழுந்தால் மெதுவாகப் போகிறது. படகுக்காரர் வேண்டுமென்றே பாம்புபோல் வளைந்து ஓட்டுவது இந்தப் பதிலைக் கேட்கத்தான். கருவிகள் மிச்சிகன் ஏரியின் சால்மன் வேட்டையிலிருந்து வந்தவை என்ற வாதமும் உண்டு. அங்கே 1966-இல் கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்ட பிறகு ட்ரோலிங் பெருகியது உண்மை. ஆனால் ஆழத்துக்குக் கனமான குண்டை நேராக இறக்கும் சால்மன் முறை, நீரின் மேல் பத்தடியில் ஷாட் துரத்தும் வால்ஐக்கு உதவாது. ஈரி அதை ஒதுக்கி, பக்கவாட்டில் விரியும் பலகையைப் பெரிதாக்கிக்கொண்டது.

விற்க முடியாத மீனை, ஒருவர் நாளுக்கு 6 மட்டுமே எடுக்கக்கூடிய மீனைப் பிடிப்பதை வலையோடு ஒப்பிடலாமா? இது கடைசி மறுப்பு, கனமானதும்கூட. நோக்கம் வேறு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சந்தையை மூடிய இடத்தில் எடைக்கு வேறு வழியில் விலை வந்துவிட்டது. 2022 செப்டம்பர் 30 அன்று கிளீவ்லாந்தில் நடந்த ஒரு போட்டியில், 28,000 டாலருக்கு மேற்பட்ட பரிசை வெல்லவிருந்த இருவரின் மீன்களைக் கீறியபோது வயிற்றிலிருந்து ஈயக்குண்டுகள் உருண்டன. மறுஆண்டு இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்து நாள் சிறை போனார்கள். நரம்பில் கட்டவேண்டிய ஈயத்தை மீனுக்குள் வைத்தார்கள்! அது போகட்டும், வலையும் தூண்டிலும் ஒரே தொழிலின் இரண்டு கைகள் என்பதைக் கணக்குப் புத்தகமே காட்டிவிடும். பேரேரி மீன்வள ஆணையத்தின் ஈரிக் குழு 1976-இலிருந்து ஆண்டுக்கு எத்தனை வால்ஐ எடுக்கலாம் என்று ஓர் எண்ணை நிர்ணயிக்கிறது. ஏரியின் மேற்கிலும் நடுவிலும் யாருக்கு எவ்வளவு நீர்ப்பரப்பு என்பதை வைத்து அந்த எண் பிரிகிறது. இப்போது ஒஹையோவுக்குச் சுமார் 51 விழுக்காடு, ஒன்டாரியோவுக்கு 43, மிச்சிகனுக்கு 6. ஒன்டாரியோ தன் பங்கில் பெரும்பகுதியைச் செவுள் வலையில் எடுத்து, துண்டுபோட்டு, தென்கரையின் உணவகங்களுக்கும் அனுப்புகிறது. ஒஹையோ தன் பங்கைத் தூண்டிலில் எடுக்கிறது.