தர்மராஜ் சேரலாதன்: சடுகுடு தொழிலான வரலாறு

தர்மராஜ் சேரலாதன் (பிறப்பு: 1975) தஞ்சாவூர் மாவட்டம் திருச்சன்னம்பூண்டியைச் சேர்ந்த கபடி வீரர். தடுப்பாட்டத்தில் பெயர் பெற்றவர். 2016-ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் இடம்பெற்றவர். அதே ஆண்டில் புரோ கபடி லீக்கில் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றவர். கபடி உலகில் இவர் "அண்ணா" என்ற பெயரில் அறியப்படுகிறார். இவ்விரு வெற்றிகளின்போதும் அவருக்கு வயது 41.

உடலோடு உடல் மோதும் ஆட்டங்களில் 41 வயது என்பது பெரும்பாலோர் களத்தை விட்டு விலகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும் வயது. சேரலாதனின் புகழ் அந்த வயதில்தான் நாடு முழுவதும் பரவியது. இதற்கு அவரது உடல் திறனும் ஆட்ட அறிவும் ஒரு காரணம். மற்றொரு காரணம், கபடி ஆடுவதற்குப் பணம் தரும் முறை இந்தியாவில் மிகத் தாமதமாக உருவானதே ஆகும்.

ஆறு ஷில்லிங் கேள்வி

ஒரு விளையாட்டு எப்போது தொழிலாகிறது என்பதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தின் ரக்பி வரலாறு உதவும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யார்க்‌ஷயர், லங்காஷயர் ஆகிய வட மாவட்டங்களில் ரக்பி ஆடியவர்களில் பலர் சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் ஆவர். ஆட்டத்திற்காக வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி கிடைக்காது. இழந்த கூலியை மட்டுமாவது ஈடுசெய்ய வேண்டும் என வட மாவட்டச் சங்கங்கள் கேட்டன. தென்பகுதியின் வசதி படைத்தோர் செல்வாக்குச் செலுத்திய ரக்பி ஒன்றியம், 1893-இல் நடந்த பொதுக்கூட்டத்தில் அக்கோரிக்கையை 282-க்கு 136 என்ற வாக்குக் கணக்கில் நிராகரித்தது.

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் விடுதியில் கூடிய வட மாவட்டச் சங்கங்கள் தனி அமைப்பைத் தொடங்கின. வேலையிழந்த ஒரு நாளுக்கு 6 ஷில்லிங் வரை தரலாம் என்பது அவற்றின் தொடக்க விதி. 1898-இல் வெளிப்படையாகச் சம்பளம் தரவும் அனுமதி கிடைத்தது. ஆனால் வீரருக்கு வேறு முறையான வேலை இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. 1906-இல் அணிக்கு 13 பேர் என விதி மாறியது. இப்படிப் பிரிந்து வளர்ந்த ஆட்டமே இன்றைய ரக்பி லீக். பழைய ரக்பி ஒன்றிய ஆட்டம் 1995 வரை சம்பளத்தை ஏற்கவில்லை.

பந்து இல்லாத ரக்பி என்று கபடியைச் சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பாய்ந்து பிடித்துச் சாய்ப்பது இரண்டிலும் உண்டு. உழைக்கும் மக்களிடம் வேரூன்றியதும் இரண்டுக்கும் பொது. இழந்த கூலியை யார் தருவது என்ற கேள்வியும் இரண்டுக்கும் பொதுவானதே.

கிராமக் களமும் அரசு வேலையும்

மதுரைக்கு மேற்கே சமணர் மலையடிவாரத்தில் உள்ள கீழக்குயில்குடி முதல் காவிரிக் கரைச் சிற்றூர்கள் வரை சடுகுடு என்றால் விளக்கம் தேவையில்லை. பொங்கலையும் கோயில் திருவிழாவையும் ஒட்டி இரவு முழுவதும் விளக்கு வெளிச்சத்தில் போட்டிகள் நடப்பது தமிழகக் கிராமங்களில் நெடுங்கால வழக்கம். சுழற்கோப்பையும் சிறு ரொக்கப் பரிசும் வெற்றி பெற்ற அணிக்குக் கிடைக்கும். அந்தப் பரிசுத் தொகை ஏழு பேருக்கும் மாற்று வீரர்களுக்கும் பங்கிடப்பட்டால், வழிச்செலவு போக மிஞ்சுவது குறைவு.

கபடி 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியைச் சேர்ந்த உடற்பயிற்சிக் கழகத்தினரால் காட்சி ஆட்டமாக ஆடிக் காட்டப்பட்டது. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்க ஆட்டமானது. அதற்குப் பிறகும் கபடி வீரருக்கான வருமானம் ஆட்டத்திலிருந்து நேரடியாக வரவில்லை. இரயில்வே, இராணுவம், காவல்துறை, மின்வாரியம், வங்கி, பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவை நல்ல வீரர்களுக்கு வேலை கொடுத்துத் தம் அணிகளில் ஆட வைத்தன. வீரர் ஊழியராகச் சம்பளம் பெற்றார். ஆட்டத்திற்காக எடுத்த நாள்கள் பணி நாள்களாகக் கொள்ளப்பட்டன. வட இங்கிலாந்தில் 6 ஷில்லிங் செய்த வேலையை இங்கே அரசுப் பணி செய்தது எனலாம்.

தூத்துக்குடி மாவட்டம் மணத்தியைச் சேர்ந்த கணேசன் இந்தத் தலைமுறையின் எடுத்துக்காட்டு. 1994-இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்ற அவருக்கு 1995-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது கிடைத்தது. ஆலை அணியிலும் பின்னர் மின்வாரிய அணியிலும் ஆடியே அவர் தம் ஆட்ட வாழ்வை நடத்தினார். மாரி செல்வராஜ் இயக்கத்தில் 2025-இல் வெளிவந்த 'பைசன் காளமாடன்' திரைப்படம் அவரது வாழ்வைத் தழுவியது.

இம்முறையில் ஒரு பாதுகாப்பு இருந்தது. காலில் அடிபட்டு ஆட்டம் நின்றாலும் வேலை நிற்காது. குறையும் இருந்தது. வேலைகள் எண்ணிக்கையில் குறைவு. அந்த வேலைக்கு உரிய வயதில் தேர்வாளர்களின் கண்ணில் படாத வீரர், திறமை இருந்தும் ஊர்ப் போட்டிகளோடு நின்றுவிட நேர்ந்தது.

39 வயதில் புதிய தொடக்கம்

2014 ஜூலை 26 அன்று மும்பையில் புரோ கபடி லீக் தொடங்கியது. எட்டு அணிகள் பங்கேற்றன. வீரர்கள் ஏலத்தில் எடுக்கப்பட்டனர். முதல் ஏலத்தில் அதிகத் தொகை பெற்றவர் ராகேஷ் குமார். பாட்னா அணி அவரை 12.80 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. கபடி ஆடுவதற்கென்றே ஒருவருக்குப் பொது ஏலத்தில் விலை குறிக்கப்பட்டது.

அப்போது சேரலாதனுக்கு வயது 39. செம்மண் ஆடுகளத்தில் வெறுங்காலுடன் ஆடிப் பழகிய தலைமுறை, விரிப்பின் மேல் காலணியுடன், தொலைக்காட்சி வெளிச்சத்தில் ஆட வேண்டியிருந்தது. பெங்களூரு புல்ஸ் அணியில் அவர் லீக் ஆட்டத்தைத் தொடங்கினார். 2015-இல் அந்த அணி இறுதிப் போட்டியில் மும்பை அணியிடம் தோற்றது.

2016-இல் நான்காம் பருவத்தில் பாட்னா பைரேட்ஸ் அணியின் தலைவரானார். பாட்னா அணியில் பர்தீப் நர்வால் என்ற இளம் ரைடர் புள்ளிகளைக் குவித்துக்கொண்டிருந்தார். ஜூலை 31 அன்று ஹைதராபாத்தில் நடந்த இறுதிப் போட்டியில் ஜெய்ப்பூர் அணியை 37-29 என்ற கணக்கில் பாட்னா வென்றது.

அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் 12 நாடுகள் பங்கேற்ற உலகக் கோப்பை நடந்தது. அனூப் குமார் தலைமையிலான இந்திய அணியில் சேரலாதன் இடம்பெற்றார். முதல் போட்டியிலேயே தென் கொரியாவிடம் 32-34 எனத் தோற்ற இந்தியா, பிறகு மீண்டது. அக்டோபர் 22 அன்று இறுதிப் போட்டியில் இடைவேளை வரை ஈரான் முன்னிலை வகித்தது. இரண்டாம் பாதியில் அஜய் தாக்கூரின் பாட்டங்கள் ஆட்டத்தைத் திருப்ப, இந்தியா 38-29 என வென்றது.

பின்னர் 2017-இல் புனேரி பல்டன், 2018-இல் யு மும்பா என அணி மாறினார். 2019-இல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணியின் தலைவராக அதனை வெளியேற்றச் சுற்று வரை கொண்டு சென்றார். 2021-22 பருவத்தில் ஜெய்ப்பூர் அணியில் இடம்பெற்றபோது அவருக்கு வயது 46. லீக்கில் அவருடன் ஆடிய இளைஞர்களில் பலர் அவர் பெரியவராக ஆடத் தொடங்கிய பிறகு பிறந்தவர்கள்.

பிடிப்பவரின் நீண்ட ஆயுள்

இத்தனை நீண்ட ஆட்ட வாழ்வுக்கு அவர் தடுப்பாளராக இருந்தது முக்கியக் காரணம். ரைடர் எதிரணிப் பகுதிக்குள் தனியாகப் பாடிச் செல்கிறார். 30 விநாடிகளுக்குள் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். வெடித்தெழும் வேகமும் திடீர்த் திருப்பமும் அவருக்கு வேண்டும். வயது ஏறும்போது முதலில் குறைபவை இவையே.

தடுப்பாளர் காத்திருப்பவர். ஏழு பேர் இருக்கும் வரிசையில் இரு முனைகளில் நிற்போர் 'கார்னர்' எனவும், நடுவருகே நிற்போர் 'கவர்' எனவும் அழைக்கப்படுகின்றனர். ரைடரின் எடை எந்தக் காலில் இருக்கிறது, பார்வை எங்கே போகிறது, கால் எப்போது நீளும் என்பதைக் கணிப்பதே இவர்களின் திறமை. முந்திப் பாய்ந்தால் புள்ளி போகும். பிந்தினால் ரைடர் தப்புவார். மூவரோ அதற்குக் குறைவானவர்களோ களத்தில் இருக்கும்போது ரைடரைப் பிடித்தால் கூடுதலாக ஒரு புள்ளி கிடைக்கும். அத்தகைய நேரத்தில் பதற்றமில்லாத ஒருவர் வரிசையில் இருப்பது அணிக்குப் பெரும் பலம். பல்லாயிரம் பாட்டங்களைப் பார்த்த கண்ணுக்கு வயது ஏறுவது குறையாகாது.

ஆயினும் ஏலத்தில் உச்ச விலை பெரும்பாலும் ரைடர்களுக்கே போயிற்று. 2018-இல் மோனு கோயத் 1.51 கோடி ரூபாய்க்கும், 2023-இல் பவன் செராவத் 2.605 கோடி ரூபாய்க்கும் எடுக்கப்பட்டனர். முதல் ஏலத்தின் உச்ச விலை ஒன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது மடங்கானது.

விலையும் உடலும்

இந்த வளர்ச்சிக்கு மறுபக்கம் உண்டு. 2022-இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. பருவத்தின் முதல் போட்டியிலேயே முழங்காலில் காயமடைந்த அவர், எஞ்சிய போட்டிகளில் ஆட இயலவில்லை. முன்னணி வீரர் என்பதால் அடுத்த ஆண்டே அவர் இன்னும் உயர்ந்த விலைக்குத் திரும்ப முடிந்தது. ஏலத்தின் கீழ்த்தட்டில் இருக்கும் ஓர் இளைஞருக்கு அதே காயம் ஏற்பட்டால், அடுத்த ஏலத்தில் பெயர் அழைக்கப்படும் என்பதற்கு உறுதி இல்லை.

ரக்பி லீக் வரலாற்றிலும் இதே சிக்கல் எழுந்தது. 1907-இல் சிட்னியில் அலெக்ஸ் பர்டன் என்ற வீரர் ஆட்டத்தில் காயமடைந்து வேலைக்குப் போக முடியாதபோது ஈட்டுத்தொகை கிடைக்காதது, ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் தோன்றத் தூண்டுதலாக அமைந்த நிகழ்வுகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

சேரலாதனின் வாழ்க்கை இரு காலங்களின் எல்லையில் அமைந்தது. அவர் ஆடத் தொடங்கிய காலத்தில் கபடி வீரரின் பாதுகாப்பு ஒரு வேலையில் இருந்தது. அவர் ஆட்டத்தை முடிக்கும் காலத்தில் அது ஒவ்வொரு பருவமும் புதிதாக ஏலம் போகும் விலையில் இருந்தது. இன்று கிராமக் களத்திலிருந்து லீக் கனவோடு புறப்படும் இளைஞருக்கு அவரது வரலாறு இரண்டு செய்திகளைத் தருகிறது. பொறுமையும் ஆட்ட அறிவும் ஒரு வீரரை நாற்பது வயதுக்கு அப்பாலும் களத்தில் நிறுத்தும். ஆட முடியாத நாளில் கூலி தருவது யார் என்ற 1893-ஆம் ஆண்டின் கேள்வியை மட்டும் ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் கேட்டாக வேண்டியிருக்கிறது.