எண்ணெயின் மேல் எண்ணெய்

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போர்க்குக் கவலைகள் இரண்டு. வண்டி எண்ணெய் குடிக்கிறது என்பது ஒன்று. எஞ்சினின் ஓசை நாளுக்கு நாள் மிகுகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தீர்ப்பதாகக் கூறிக் கடைகளில் விற்கப்படும் சேர்மானப் புட்டிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அது பெரும்பாலும் அமெரிக்காவில் நிகழ்ந்த வரலாறு. அதனைப் படித்தவர், புட்டியை வாங்குமுன் சற்றே நின்று எண்ணுவர்.

எண்ணெய் டின்னில் இருப்பது வெறும் எண்ணெய் அன்று என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். கிணற்றிலிருந்து எடுத்துத் தூய்மை செய்த கனிம எண்ணெயை அப்படியே ஊற்றி ஓட்டிய காலம் உண்டு. 1930களில் டீசல் எஞ்சின்களின் பிஸ்டன் வளையங்கள் கரிப்பிசினில் ஒட்டிக்கொண்டு தொல்லை தந்தபோது, அழுக்கை அகற்றும் சேர்மானங்களை எண்ணெயில் கலந்தனர். 1940களில் துத்தநாகமும் பாஸ்பரசும் கந்தகமும் அடங்கிய ஒரு கூட்டுப்பொருள் வந்தது. இதன் முழுப்பெயர் வாயில் நுழையாது. பட்டறைகளில் ‘ஜிங்க்’ என்றே வழங்குவர். பேரிங் அரிக்கப்படாமல் காக்கவும், எண்ணெய் கெடாமல் இருக்கவும் சேர்க்கப்பட்ட இப்பொருள், உலோகத்தின்மேல் மிக மெல்லிய காப்புப் படலம் அமைத்துத் தேய்மானத்தையும் தடுக்கிறது என்பது பின்னரே தெரிய வந்தது. குளிரிலும் வெப்பத்திலும் பதம் மாறாதிருக்க உதவும் பொருள்களும் அடுத்துச் சேர்ந்தன. இன்றைய எண்ணெயில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வரை இத்தகைய சேர்மானங்களே இருத்தல் கூடும். ஆகவே, கடையில் தனியே வாங்கும் புட்டி, முன்னரே மருந்து கலந்த எண்ணெயில் மீண்டும் ஊற்றும் மருந்தாகும்.

இவ்வாணிகத்தைப் பெருக்கியவர்களுள் ஆண்டி கிரானடெல்லி தலையாயவர். 1954இல் தோன்றிய எஸ்.டி.பி. நிறுவனத்தை 1960களில் நடத்திய இவர், பந்தய உலகின் மனிதர். திருப்புளியின் முனையை எஸ்.டி.பி.யில் தோய்த்துக் கொடுத்து, இதை விரலால் பிடித்து நிறுத்துங்கள் என்பார். ஒருவராலும் இயலாது, நழுவி விழும். தொலைக்காட்சியில் கண்டோர் வியந்தனர். விரலுக்கும் திருப்புளிக்கும் இடையே நிகழ்வதும் எஞ்சினுக்குள் நிகழ்வதும் ஒன்றா என்று கேட்டவர் சிலரே. 1969இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் மாரியோ ஆண்ட்ரெட்டி இவருடைய வண்டியில் வென்றபோது எஸ்.டி.பி.யின் புகழ் உச்சிக்கேறியது. இரண்டாண்டுகளுக்கு முன் இதே பந்தயத்தில், முன்னணியில் ஓடிய இவருடைய வண்டி சில சுற்றுகளே எஞ்சியிருக்கையில் பேரிங் ஒன்று பழுதாகி நின்றதும் வரலாறுதான். விளம்பரத்துக்கு அது பயன்படவில்லை!

1971இல் அமெரிக்க நுகர்வோர் ஏடான ‘கன்சூமர் ரிப்போர்ட்ஸ்’, எஸ்.டி.பி. முதன்மையாக எண்ணெயைத் தடிப்பாக்கும் பொருளே என்று எழுதியது. இதில் ஒரு நுட்பம் உண்டு. தேய்ந்த எஞ்சினில் தடித்த எண்ணெய் சென்றால் ஓசை அடங்கும், எண்ணெய் அழுத்தம் சற்று உயரும், குடிப்பதும் குறையலாம். ஆகவே, ஊற்றிப் பார்த்து நன்மை கண்டதாகச் சொன்னவர் எல்லாரும் பொய் கூறினர் என்பது பொருந்தாது. ஆயினும் தேய்ந்த உலோகம் மீளவில்லை. சற்றுத் தடித்த தர எண்ணெயை ஊற்றினும் அதே பயன், குறைந்த செலவில் கிட்டியிருக்கும். 1978இல், நம்பத்தகாத சோதனைகளைக் காட்டி விளம்பரம் செய்ததாகக் கூட்டரசு வாணிக ஆணையம் சாட்டிய குற்றத்தின் தொடர்பில், அந்நிறுவனம் 7 லட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. அச்செய்தியை ஏடுகளில் தானே விளம்பரமாக வெளியிடவும் நேர்ந்தது.

அடுத்து வந்தது ‘ஸ்லிக் 50’. ஒட்டாத சமையல் சட்டியில் பூசப்படும் டெஃப்ளான் என்னும் பொருளின் பொடியை எண்ணெயில் கலந்து, அஃது எஞ்சினின் உட்பகுதிகளில் படலமாகப் படியும் என்றனர். காலையில் எஞ்சினை முடுக்கும் நொடியில் எண்ணெய் மேலேறாமல் உலோகம் உலோகத்தோடு உரசுகிறது என்று அச்சமூட்டினர். ஆனால் சட்டியில் டெஃப்ளானைப் பிடிக்கச் செய்ய, பரப்பைத் தூய்மையாக்கிச் சொரசொரப்பாக்கி, அப்பொருள் உருகும் 327 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் சுட வேண்டும். எஞ்சின் எண்ணெயின் வழக்கமான வெப்பம் 100 பாகையை ஒட்டியதே. எண்ணெய் தோய்ந்த பரப்பில் பொடி எங்ஙனம் பூச்சாகும்? 1996இல் ஆணையம் குற்றம் சாட்டியது: புட்டி அத்தகைய படலத்தை அமைப்பதில்லை, கையேடு கூறும் எண்ணெயை ஊற்றினாலே, முடுக்கும்போதும் பெரும்பாலான எஞ்சின்களுக்குப் போதிய காப்பு உண்டு. 1997இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, வாங்கியோர்க்குக் குறைந்தது 1 கோடி டாலர் அளவுக்கு ஈடு செய்ய அந்நிறுவனம் இசைந்தது.

‘டியூரா லூப்’, ‘சீமேக்ஸ்’ முதலியனவும் இவ்வழியே சென்றன. சீமேக்ஸ் கலந்த எண்ணெய், பேரிங் அரிமானத்தை இருமடங்குக்கு மேல் மிகுத்ததாகச் சோதனை காட்டியது என்பது 2001இல் ஆணையம் கூறிய குற்றச்சாட்டு. இவ்வழக்குகள் பெரும்பாலும் உடன்பாட்டில் முடிந்தன. நிறுவனங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டன என்று கொள்ளுதல் கூடாது.

அங்ஙனமாயின் பழைய வண்டிக்குச் சேர்மானமே வேண்டாவோ? ஓரிடத்தில் மட்டும் வேண்டும் என்பாரின் கட்சி வலிவுடையது. நச்சுப் புகையைக் குறைக்கும் வினையூக்கிக் கலம் 1975 முதல் அமெரிக்கக் கார்களின் புகைக்குழாயில் இடம்பெறலாயிற்று. எண்ணெயோடு எரிந்து வரும் பாஸ்பரஸ் அக்கலத்தைக் கெடுக்கும். ஆகவே எண்ணெயில் அதன் அளவைப் படிப்படியாகக் குறைத்தனர்; 2004ஆம் ஆண்டு விதியில், மெல்லிய தரங்களுக்கு உச்ச அளவு 0.08 விழுக்காடு என்றாயிற்று. பாஸ்பரஸ் குறைந்தால் துத்தநாகக் காப்பும் குறையும். உருளை பொருத்திய புது எஞ்சின்களுக்கு இதனால் இடரில்லை. ஆனால் மலாயாச் சாலைகளில் 1950களில் மிகுதியாக ஓடிய மோரிஸ் மைனர் போன்றவற்றில், கேம் தண்டு டாப்பெட்டின்மீது பேரழுத்தத்தோடு சறுக்கி உரசும். அவற்றுக்குப் பழைய அளவு துத்தநாகம் தேவை. குறிப்பாக, கேம் தண்டைப் புதிதாக மாற்றிய முதல் சில நிமிடங்களில் காப்புக் குறைந்தால் அது விரைவில் பாழாகும்.

இதற்கும் புட்டிதான் வழி என்பதில்லை. துத்தநாகம் மிகுந்த, பழைய வண்டிகளுக்கென்றே ஆக்கப்பட்ட எண்ணெய்கள் உண்டு. 20டபிள்யூ-50 போன்ற தடித்த தரங்கள் மேற்கூறிய வரம்புக்கு உட்பட்டவை அல்ல; அவை பலவற்றில் துத்தநாகம் கூடுதலாகவே இருக்கிறது. புட்டியைத் தனியே ஊற்றுவோர், முன்னரே உள்ள அளவை அறியாமல் ஊற்றின் கூடுதலும் தீங்காகும். வினையூக்கிக் கலம் உள்ள வண்டியாயின், இருபது ஆண்டுப் பழையதாயினும், அதே துத்தநாகப் புட்டி அக்கலத்தைத்தான் முதலில் கெடுக்கும்.