ஒதுக்கப்படாத ஊதியம்: அரசு ஊழியர் ஓய்வூதியமும் வரி செலுத்துவோர் சுமையும்

அரசு ஊழியர் ஊதியம் குறித்த விவாதம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரு அணிகளுக்கு இடையிலான வழக்காகவே நடந்து வருகிறது. மக்களின் வரிப்பணம் ஒரு சிறு பிரிவினருக்கே போய்ச் சேருகிறது என்பது ஒரு தரப்பின் குற்றச்சாட்டு. வாழ்நாள் உழைப்புக்குரிய பாதுகாப்பை அரசு பறித்துக்கொண்டது என்பது மறுதரப்பின் குமுறல். இரண்டிலும் உண்மை இருக்கிறது. சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி ஆகிய மூன்றும் மாநில வருவாயில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் இரு தரப்பும் கேட்கத் தவறுகிற கேள்வி ஒன்று உண்டு: ஓர் ஊழியர் இன்று செய்யும் பணிக்கான முழு விலையை எந்த ஆண்டின் வரி செலுத்துவோர் ஏற்க வேண்டும்? இன்றைய பணிக்குரிய ஓய்வூதியச் செலவு இன்றைய வரவு செலவுத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

உரிமையும் கடனும்

டி.எஸ். நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1982 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் கொடை அல்ல, செய்த பணிக்கான உரிமை என்று நிலைநாட்டியது. ஊழியர் சங்கங்கள் இத்தீர்ப்பை முன்வைப்பது முற்றிலும் நியாயமே. ஆனால் அதன் மறுபாதியை எந்த அரசும் ஏற்கவில்லை. ஓய்வூதியம் செய்த பணிக்கான ஊதியமே என்றால், அதற்கென நிதி ஒதுக்காத ஒவ்வோர் ஆண்டும் அரசு ஊதிய பாக்கி வைக்கிறது. நம் அரசுக் கணக்குகள் ரொக்க அடிப்படையில் எழுதப்படுவதால், பணம் கையை விட்டுப் போகும்வரை அந்த பாக்கி ஏட்டில் ஏறுவதில்லை. நிதிப் பற்றாக்குறைக்குச் சட்டம் வகுத்த வரம்பும் அதைத் தொடுவதில்லை.

அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 60,000 ரூபாய் பெறும் ஓர் ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் அவருடைய ஓய்வூதியத்துக்காக அரசு இன்று ஒரு ரூபாயும் ஒதுக்குவதில்லை. பொது வருங்கால வைப்பு நிதியில் சேர்வது அவருடைய சொந்தச் சேமிப்பு. முழுப் பணிக்காலம் முடித்தால் கடைசி ஊதியத்தில் பாதியும் அதற்கான அகவிலைப்படியும், அவர் மறைவுக்குப் பின் குடும்ப ஓய்வூதியமும் கிடைக்கும். அவற்றைச் சுமக்கப்போவது இன்று அவரிடம் பாடம் படிக்கும் மாணவர்களின் தலைமுறை. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் அவரிடம் 6,000 ரூபாய் பிடித்தம் செய்து, அரசும் 6,000 ரூபாய் சேர்க்கிறது. செலவு அந்த ஆண்டிலேயே கணக்கில் வந்துவிடுகிறது.

இந்த நேர்மைதான் பங்களிப்புத் திட்டத்தின் பலம். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு அதைத் தமிழ்நாடு கொண்டுவந்த விதம் அந்த பலத்தைக் குலைத்தது. ஓய்வுக்குப் பின் மாதாமாதம் இவ்வளவு வரும் என்ற உறுதி அதில் இருக்கவில்லை. ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் இயங்கும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் மாநிலம் சேரவுமில்லை. பிடித்த தொகையைத் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டு, பொது வருங்கால வைப்பு நிதிக்கு நிகரான வட்டியை வரவு வைத்தது. 2003 ஜூலையில், ஓய்வூதியப் பலன்கள் உள்ளிட்ட சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எஸ்மா எனப்படும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ்ப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். பேச்சுவார்த்தையில் பிறந்திருக்க வேண்டிய சீர்திருத்தம் தண்டனையின் நினைவோடு பிறந்தது. பங்களிப்பு என்ற கொள்கை மீதே ஊழியர்கள் நம்பிக்கை இழந்ததற்கு இது முக்கியக் காரணம்.

தள்ளிப்போடும் அரசியல்

செலவைக் குறைக்காமல் ஒத்திவைப்பது எல்லாக் கட்சி அரசுகளுக்கும் எளிய வழி. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்ந்தது. பணிக்கொடை உள்ளிட்ட ஓய்வுக்காலப் பலன்களைக் கொடுப்பது அதனால் தள்ளிப்போனதே தவிர, கடமை குறையவில்லை. தேர்வாணையத் தேர்வுக்குப் படித்துக் காத்திருந்த இளைஞர்களும் மேலும் காத்திருக்க நேர்ந்தது.

ராஜஸ்தானும் இமாச்சலப் பிரதேசமும் பழைய திட்டத்துக்குத் திரும்ப முடிவெடுத்தபோதும் இதே தர்க்கம்தான் இயங்கியது. திரும்பும் அரசு உடனடியாகத் தன் பங்களிப்பை மிச்சப்படுத்துகிறது. விலை பல ஆண்டுகள் கழித்து வருகிறது. எல்லா மாநிலங்களும் திரும்பினால் மொத்தச் சுமை தேசிய ஓய்வூதியத் திட்டத்தைப்போல் 4.5 மடங்கு வரை போகலாம் என்று ரிசர்வ் வங்கியின் மாத இதழில் 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

சிக்கனம் யார் தலையில்?

தனியார் துறையோடு ஒப்பிட்டு அரசு ஊதியம் மிகை என்பவர்கள் ஒன்றிய அரசின் ஏழாவது ஊதியக் குழுவின் அறிக்கையைச் சுட்டுவார்கள். அரசின் கடைநிலை உதவியாளர் மொத்தம் 22,579 ரூபாய் பெற, தனியாரில் அதே வேலைக்கு 8,000 முதல் 9,500 ரூபாய்தான் என்று அது கண்டது. 9,000 ரூபாயில் ஒரு குடும்பம் நடத்த முடியாது. ஆகவே இந்த ஒப்பீடு அரசின் தாராளத்தைவிடத் தனியார் துறையின் சுரண்டலையே அதிகம் காட்டுகிறது. ஆனால் அரசுகள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு: கடைநிலைப் பணிகளை ஒப்பந்தத்துக்கு விடுவது.

2017இல் தமிழ்நாட்டில் நிரந்தர ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் 15,700 ரூபாயானது. 2012இல் 5,000 ரூபாய்க்கு அமர்த்தப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் அப்போது பெற்றது 7,700 ரூபாய் தொகுப்பூதியம். வரி செலுத்துவோருக்கு இது மிச்சம்போல் தோன்றும். சேமிப்பே இல்லாமல் முதுமையை அடைகிறவர் கடைசியில் முதியோர் உதவித்தொகை கேட்டு வருவாய்த் துறையின் வாசலுக்குத்தான் வருவார். அதுவும் வரிப்பணமே.

வரி செலுத்துவோர் என்றதும் வருமான வரி கட்டுபவர் மட்டும் நினைவுக்கு வருவது மற்றொரு பிழை. பெட்ரோலுக்கும் மதுவுக்கும் விதிக்கும் மாநில வரியையும், சோப்புக்கும் செருப்புக்கும் விதிக்கும் சரக்கு, சேவை வரியையும் கூலித் தொழிலாளியும் கட்டுகிறார். தம் முதுமைக்கு எந்த உத்தரவாதமும் இல்லாத அவர், மற்றவர்களின் உத்தரவாதத்துக்குத் தரும் பணம் முறையாகக் கணக்கிடப்பட்டதா என்று கேட்க உரிமை உள்ளவர்.

செய்ய வேண்டியவை

முதலாவது, ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஓய்வூதியக் கடமையின் காப்பீட்டுக் கணிப்பாளர் மதிப்பீட்டை ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையோடு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். இரண்டாவது, உத்தரவாதத்தையும் நிதியத்தையும் பிரிக்கக் கூடாது. 2024இல் ஒன்றிய அரசு அறிவித்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம், 25 ஆண்டுப் பணிக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் 50 சதவீதத்தை உறுதி செய்து, அதற்காக ஊழியர் 10, அரசு 18.5 சதவீதம் செலுத்துவதாக வகுத்தது. விகிதத்தில் வாதம் இருக்கலாம், இணைப்பு சரியானது. எந்தப் பெயரில் திட்டம் வந்தாலும், அதன் நிதியம் அன்றாடச் செலவுக்கு அரசின் கை எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, புதிதாகக் கிடைக்கும் நிதி முதலில் தொகுப்பூதியக்காரர்களுக்கும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் போக வேண்டும்.

ஊழியருக்கும் வரி செலுத்துவோருக்கும் பொதுவான நலன் ஒன்று இதில் உண்டு. நிதி ஒதுக்காமல் கொடுத்த வாக்குறுதியை நெருக்கடி வரும்போது எந்த அரசும் ஓர் அரசாணையில் திரும்பப் பெற முயலும் என்பதை 2003 காட்டியது. ஊழியரின் பெயரில் தனியே சேர்ந்த நிதியை அவ்வளவு எளிதில் பறிக்க முடியாது. எனவே ஓய்வூதியத்துக்கு உண்மையான பாதுகாப்பு வேண்டும் என்று விரும்பும் சங்கங்களே இந்தக் கணக்கை முதலில் கேட்க வேண்டும்.