வயிறும் மனமும்: ஜப்பானியர் ஆட்சிக் கால மலாயாவில் பசி விளைத்த பிணிகள்



மொழியியலில் வாழ்நாளைக் கழித்த நாம் பசியைப் பற்றிப் பேச முன்வந்ததற்குக் காரணம் உண்டு. எண்பதுகளில் தோட்டப்புறப் பேச்சுத்தமிழைப் பதிவு செய்யச் சென்ற நாள்களில், முதியோரிடம் படங்களைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் அவர்கள் வழங்கும் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்வது நம் வழக்கம். காய்கனி, கருவி, பாத்திரம் என அனைத்துக்கும் தயங்காமல் விடை கூறிவந்த மூதாட்டி ஒருவர், மரவள்ளிக்கிழங்கின் படத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அது வேணாம் தம்பி, அடுத்ததக் கேளு" என்றார். ஜப்பான்காரன் காலத்தில் அக்கிழங்கைத் தின்றே அவர் உயிர் பிழைத்தார் என்பதைப் பின்னர் அறிந்தோம். பசி தீர்ந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பெயர் அவருக்கு மறக்கவில்லை; அதைச் சொல்ல அவர் மனம் ஒப்பவில்லை.

உணவின்மை உடலை முதலில் வாட்டும், மனம் பிறகு சோரும் என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். இவ்வெண்ணம் பிழையானது. உணவு உறுதியற்றுப்போகும் அன்றே உடலும் மனமும் சேர்ந்தே புண்படுகின்றன. இம்மண்ணின் வரலாற்றில் இதற்குப் போதிய சான்றுகள் உள்ளன.

சொற்கள் காட்டுவது

முதலில் நம் மொழியையே நோக்குவோம். பழந்தமிழர் பசியைப் 'பசிப்பிணி' என்றனர். பசியை உணர்ச்சியாக மட்டும் கொள்ளாமல் நோயாகவே வகைப்படுத்திய சொல் இது. மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகையை வாட்டும் தீராப்பசிக்கு 'யானைத்தீ' என நோய்ப்பெயரே இடப்பட்டுள்ளது.

பேச்சுவழக்கு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. மனத்துயரை 'வயிற்றெரிச்சல்' என்கிறோம். நிறைவடைந்தால் 'வயிறு குளிர்ந்தது' என்கிறோம். அச்சம் 'வயிற்றைக் கலக்குகிறது'. நற்செய்தி 'வயிற்றில் பால் வார்க்கிறது'. பிறர் பிழைப்பைக் கெடுப்பவன் 'வயிற்றில் அடிக்கிறான்'. அச்சம், துயர், ஆறுதல் ஆகிய மனநிலைகளுக்கெல்லாம் வயிற்றையே இருப்பிடமாகக் கொண்ட மொழி நம்முடையது. வயிறும் மனமும் வெவ்வேறு அல்ல என்பதை மக்கள் தம் பட்டறிவால் உணர்ந்து சொல்லில் பதிந்து வைத்தனர்.

கோலாலம்பூரில் ஓர் அரிசி ஆய்வு

மருத்துவ அறிவியலும் இவ்வுண்மையை நோக்கி நடந்த பாதையில் மலாயாவுக்குச் சிறப்பிடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு 'பெரிபெரி' என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் செயலிழக்கும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரை இந்நோய் கடுமையாகத் தாக்கியது. தமிழ்த் தொழிலாளரிடையே அது அரிதாகவே காணப்பட்டது. இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கிய லியோனார்ட் பிராடன் என்னும் மருத்துவர், காரணம் அரிசியில் இருக்க வேண்டும் என்று 1907-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். சீனர் உண்டது தவிடு நீங்கத் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி.

வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் 1906-இல் கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் இதை ஆய்ந்து பார்த்தார். நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குத் தீட்டிய பச்சரிசியும் மறு பிரிவினர்க்குப் புழுங்கலரிசியும் வழங்கினார். பச்சரிசி உண்ட பிரிவில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குப் பெரிபெரி கண்டது, பலர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோரிடம் நோய் புதிதாகத் தோன்றவில்லை. அடுத்து, 1900-இல் நிறுவப்பட்ட கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சார்ந்த பிரேசர், ஸ்டேன்டன் ஆகிய இருவரும் நெகிரி செம்பிலானில் சாலைத் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வு இம்முடிவை உறுதி செய்தது.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் அது முழுதும் நீங்குவதில்லை. நம் முன்னோர் தயமின் என்ற பெயரை அறிந்தவரல்லர். ஆயினும் அவர்கள் கொண்டுவந்த உணவுமுறை அவர்களைக் காத்தது. வயிறு நிறைவது மட்டும் போதாது, எதனால் நிறைகிறது என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது என்பதே இந்த ஆய்வுகளின் பாடம்.

1942: கவசம் விழுந்தது

போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதி செய்தது. ரப்பரும் ஈயமும் விற்று அரிசி வாங்கிய நாடு இது. 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. கப்பல் போக்குவரத்துக் குலைந்தது. ரப்பருக்குச் சந்தை இல்லாமற்போனது. தோட்டக் கூலி நின்றது. 1943-இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கு மாநிலங்களும் சயாமின் ஆளுகைக்கு மாற்றப்பட்டபோது, நாட்டின் நெற்களஞ்சியமாகிய கெடாவும் எல்லைக்கு அப்பால் சென்றது.

1944-இல் சிங்கப்பூரில் மாதப் பங்கீட்டு அரிசி ஆணுக்கு ஏறத்தாழ 4.8 கிலோ, பெண்ணுக்கு 3.6 கிலோ, குழந்தைக்கு 2.4 கிலோ என்ற அளவுக்குக் குறைந்தது. ஆணின் பங்கை முப்பது நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 160 கிராம். அது தரும் ஆற்றல் 560 கலோரி அளவே. உடலுழைப்பாளி ஒருவரின் அன்றாடத் தேவையில் அது நான்கில் ஒரு பங்கும் ஆகாது. எஞ்சியதைக் கள்ளச்சந்தையில் வாங்க வேண்டும். வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டோ நாளுக்கு நாள் மதிப்பிழந்தது.

அவ்விடத்தை நிரப்பியது மரவள்ளி. எம்மண்ணிலும் வளரும், விரைவில் பெருகும், வயிற்றை நிறைக்கும். ஆனால் அதில் மாவுச்சத்தைத் தவிர வேறு சத்துகள் மிகக் குறைவு. புரதமும் தயமினும் போதா. நன்கு வேகாத கசப்பு வகைகளில் நஞ்சும் உண்டு. புழுங்கலரிசியால் பெரிபெரியிலிருந்து தப்பிய மக்கள், அரிசியே இல்லாத நாளில் கால்வீக்கத்துக்கும் ஆறாத புண்களுக்கும் ஆளாயினர். மெலிந்த உடலில் மலேரியா எளிதாகக் குடிபுகுந்தது.

மூளையைத் தொட்ட பசி

இதே காலத்தில் சாங்கிச் சிறைமுகாமில் அடைபட்டிருந்த பிரிட்டானிய மருத்துவர் டி வார்டனர், போர்க்கைதிகளிடம் ஒரு நோய்த்தோற்றத்தைக் கண்டார். தீட்டிய அரிசியையே உண்டுவந்தோர் சில வாரங்களில் கண்நிலை தடுமாறினர், அச்சமும் சோர்வும் கொண்டனர், அண்மை நிகழ்ச்சிகளை மறந்தனர், குழம்பிப் பேசினர். தயமின் கிடைத்தபோது பலர் தேறினர். லெனாக்ஸ் என்பவருடன் சேர்ந்து 52 நோயாளரைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுரை 1947-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. மூளையைத் தாக்கும் பெரிபெரி என்று அதற்குப் பெயரிட்டனர். மனக்குழப்பத்துக்கு உணவுக்குறை நேரடிக் காரணமாகலாம் என்பது இந்தத் தீவிலேயே மெய்ப்பிக்கப்பட்டது.

அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1945-இல் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வும் ஈண்டுக் கருதத்தக்கது. நலமுள்ள 36 இளைஞர்கள் தாமே முன்வந்து ஆறு மாதம் அரைவயிற்று உணவில் வாழ்ந்தனர். எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். அவர்கள் எளிதில் எரிச்சலுற்றனர், நண்பரை விட்டு ஒதுங்கினர், சோர்ந்து கிடந்தனர். உணவைப் பற்றியே எண்ணினர். சமையற் குறிப்புகளைச் சேகரித்தனர். மனத்தை ஒருமுகப்படுத்த இயலவில்லை என முறையிட்டனர். ஆயினும் அறிவுத்திறனைச் சோதித்தபோது குறைவு எதுவும் புலப்படவில்லை. ஆசிரியர்கள் இதனைச் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். பசித்திருக்கும் மாணவன் அறிவு குன்றியவன் அல்லன். அவன் அறிவு வேறொரு கவலையில் கட்டுண்டிருக்கிறது.

தோட்டப்புறத்தின் மௌனம்

அந்த இளைஞர்களுக்குப் பசி முடியும் நாள் தெரிந்திருந்தது. மலாயாத் தோட்டத்துத் தமிழருக்கு அது தெரியாது. சயாம்-பர்மா இரயில்பாதை அமைக்க மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் தமிழர். பல்லாயிரவர் பசியாலும் காலராவாலும் மலேரியாவாலும் அங்கேயே மடிந்தனர். உழைப்பாளியை இழந்த வீடுகளில் பெண்களும் முதியோரும் குழந்தைகளும் மரவள்ளி நட்டுப் பிழைத்தனர்.

போர்க்கைதிகளின் துன்பத்தை மருத்துவர்கள் ஏட்டில் எழுதினர். தோட்டத்து மக்களின் துன்பத்தை எழுத அவர்களிடையே மருத்துவர் அரியர், எழுத்தறிந்தோரும் சிலரே. ஆகவே அவர்தம் வரலாறு பழக்கங்களிலும் பேச்சிலும் தங்கியது. அரிசிப் பானையின் அடி தெரியும் முன்னரே பதறுதல், ஒரு பருக்கையும் சிந்தவிடாமை, பேரப்பிள்ளை தட்டில் மிச்சம் வைத்தால் பொறாமல் கடிந்துகொள்ளுதல் ஆகியவற்றை நம் வீடுகளில் நாம் கண்டிருக்கிறோம். கஞ்சத்தனம் என்று நகைத்ததும் உண்டு. அவை ஆறாத அச்சத்தின் தழும்புகள் என்பதை அன்று நாம் உணரவில்லை.

போருக்குப் பின்னும் வகுப்பறையிலும்

ஜப்பானியர் சரணடைந்ததும் பசி தீர்ந்துவிடவில்லை. அரிசித் தட்டுப்பாடு மேலும் சில ஆண்டுகள் நீடித்தது. 1946-இல் சிங்கப்பூரில் சமூகநலத் துறை தொடங்கப்பட்டு, மலிவு விலையில் உணவளிக்கும் மக்கள் உணவகங்கள் திறக்கப்பட்டன. 1947 முதல் சிறார்க்கு உணவு வழங்கும் நிலையங்கள் நடைபெற்றன. உணவளிப்பது அறம் என்ற நிலையினின்று, அது அரசின் கடமை என்ற நிலைக்கு நாடு நகர்ந்த காலம் அது. மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் வறிய மாணவர்க்கு இன்று வழங்கப்படும் கூடுதல் உணவும் இதே கடமையைச் சார்ந்ததே.

1996-இல் ரோமில் கூடிய உலக உணவு மாநாடு, எல்லா மக்களும் எக்காலத்திலும் போதிய, தூய, சத்தான உணவைப் பெற இயல்வதே உணவுப் பாதுகாப்பு என வரையறுத்தது. 'எக்காலத்திலும்' என்னும் சொல்லே இங்கு உயிரானது. இன்று உண்டவர்க்கும் நாளை உணவு உறுதியில்லையெனில் அவர் பாதுகாப்பற்றவரே. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு இதனை அளக்கப் பயன்படுத்தும் எட்டு வினாக்களுள் முதல் வினா, போதிய உணவு கிடைக்காதோ என்று கவலையுற்றீர்களா என்பதே. உண்ட அளவை அது கேட்கவில்லை. கவலையை முதலில் கேட்கிறது. 'வயிற்றைக் கலக்குகிறது' என்ற நம் வழக்கு சொல்வதும் அதுவே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலை முதற்பாடத்தில் தூங்கி வழியும் பிள்ளையையும், காரணமின்றிச் சினக்கும் பிள்ளையையும், ஓய்வுவேளையில் தனித்து ஒதுங்கும் பிள்ளையையும் கண்டிக்கும் முன், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். பிறர் காதில் விழாமல் கேளுங்கள். இல்லாமையைச் சொல்ல நேரும் நாணமும் பசியின் ஒரு பகுதியே.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்வோம். ஜப்பானியர் காலத்தைக் கண்ட முதியோர் இன்று மிகச் சிலரே நம்மிடையே உள்ளனர். உங்கள் வீட்டிலோ அண்டையிலோ ஒருவர் இருப்பின் அவரிடம் சென்று அமருங்கள். என்ன உண்டீர்கள், எப்படிச் சமைத்தீர்கள் என்று கேட்டு, அவர் சொல்லும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவர் ஒரு சொல்லுக்கு விடை தராமல் முகம் திருப்பினால் வற்புறுத்தாதீர்கள். அந்த மூதாட்டி திருப்பித் தந்த படத்தின் எதிரே எம் குறிப்பேட்டில் அன்று 'விடை இல்லை' என்று எழுதினோம். அது பிழையான பதிவு. விடையை அவர் அளித்துவிட்டிருந்தார். அதைப் படிக்க எமக்குத்தான் அன்று தெரியவில்லை.