ஷரீஆ இணக்கம் (வங்கி நிதியளிப்பு)

வட்டி, சூது, அளவுமீறிய நிச்சயமின்மை ஆகியவை ஒப்பந்தத்தில் கலவாதிருப்பதே ஷரீஆ இணக்கம். முராபஹாவில் வங்கி பொருளை முதலில் தானே வாங்கி உடைமையாக்கி, அடக்கவிலையையும் இலாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லித் தவணைக்கு விற்கும். இந்த வரிசை பிறழ்ந்தால் மிஞ்சுவது வட்டிக்கடன்தான்; இணக்கத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. கேரளத்து உடும்பஞ்சோலை ஏலக்காய்க்கு ஸலம் என்னும் முன்கொள்முதல் ஒப்பந்தம் பொருந்தும்: முழு விலையையும் முன்பே கொடுத்து, எடை, தரம், ஒப்படைக்கும் நாள் ஆகியவற்றைக் குறித்தாக வேண்டும். குறிப்பிட்ட ஒரு தோட்டத்துக் காய் என்று வரையறுக்கக்கூடாது. அங்கே மழை பொய்த்தால் கொடுக்கச் சரக்கு இராது. சட்டத்தைப் பொறுத்தவரை, கேரள அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான கே.எஸ்.ஐ.டி.சி. பங்குகொண்ட இஸ்லாமிய நிதி நிறுவனத்துக்கு எதிரான வழக்கைக் கேரள உயர்நீதிமன்றம் 2011இல் தள்ளுபடி செய்தது. ஆனால் இந்தியாவின் 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், முராபஹாவுக்குத் தேவையான சரக்கு வாணிகத்தை வங்கிகள் செய்வதைத் தடுக்கிறது. இலங்கையில் அமானா வங்கி 2011 முதல் ஷரீஆ முறையில் இயங்குகிறது.